ஷீலேவுக்குப் பட்ட கடன்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தச் சாலையில் எந்தக் கடைப் பக்கம் திரும்பினாலும் ஒரு வாசகம் கண்ணில் படுகிறது: ‘கெமிக்கல் சேர்க்காதது.’ பால்கோவா டப்பாவில் அது இருக்கிறது. செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, குளியல் பொடி எல்லாவற்றிலும் இருக்கிறது. வாங்குகிறவருக்கு அதைப் படித்ததும் ஒரு நிம்மதி.

அந்த வாசகத்துக்குப் பின்னால் ஒரு முழு நம்பிக்கை நிற்கிறது. இயற்கை ஒரு பக்கம், ரசாயனம் மறுபக்கம். முன்னது நம் பாட்டன் பூட்டன் சொத்து, பின்னது வெள்ளைக்காரன் கொண்டுவந்து இறக்கியது. முன்னது உயிர் வளர்க்கும், பின்னது உயிர் குடிக்கும். படிக்காதவர்கள் மட்டும் இப்படி நினைப்பதில்லை. பட்டம் பெற்றவர்கள்தான் இதை அதிகம் பரப்புகிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது என்பதோடு, கேடும் செய்கிறது என்பதே என் வாதம். கலப்படத்திலிருந்து நம்மைக் காப்பதுபோலத் தோன்றும் இது, உண்மையில் கலப்படக்காரனைத்தான் காக்கிறது.

பால்கோவாவிலிருந்தே தொடங்கலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். பாலும் சர்க்கரையும் தவிர வேறு எதுவும் சேராதது என்பது அதன் பெருமை. விறகு அடுப்பின் மேல் அகன்ற சட்டி. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை பாலின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், நிறமும் வெள்ளையாகவே இருக்கும். துடுப்புப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் சுண்டச் சுண்டக் கலவை இறுகும்; சட்டியின் அடியில் சூடு மளமளவென்று ஏறும். அப்போதுதான் அந்த இளம் பழுப்பும், அடுப்படியைத் தாண்டித் தெருவரை வரும் அந்த மணமும் பிறக்கின்றன. பாலில் இயல்பாக உள்ள சர்க்கரையும் பால் புரதத்தில் இருக்கும் அமினோ அமிலமும் சூட்டில் கைகோத்துப் பாலில் இல்லவே இல்லாத புதிய சேர்மங்களை உண்டாக்குவதால் வரும் நிறம் அது, மணம் அது. லூயி கமீய் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-இல் இந்த வினையை விளக்கினார். கிண்டுகிற கை ஒரு நிமிடம் நின்றால் அதே வினை எல்லை மீறி, கோவா அடிப்பிடித்துக் கசந்துபோகும். பதம் பார்த்துச் சட்டியை இறக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பண்டாரி ஒரு வேதிவினையைச் சரியான நொடியில் நிறுத்துகிறார். அவர் கைத்திறனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை. அந்தப் பண்டத்தின் மேல் ‘கெமிக்கல் இல்லை’ என்று ஒட்டுவது அந்தத் திறனைத்தான் மறைக்கிறது.

பாலுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் துருவியவர்களில் ஒருவர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. சுவீடன் நாட்டில் கோப்பிங் என்ற சிற்றூரில் மருந்துக்கடை நடத்தியவர். பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. கடையின் அடுப்பும் கண்ணாடிக் குடுவைகளும்தான் அவருடைய ஆய்வகம். 1780-இல் புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பழைய பாலைக் காய்ச்சினால் திரிந்துபோவதற்குக் காரணம் அந்த அமிலம்தான். பால் கொள்முதல் செய்கிற இடங்களில் இன்றைக்கும் அமிலத்தன்மை பார்க்கிறார்களே, அவர்கள் அளப்பது ஷீலே கண்டுபிடித்த பொருளை. அதோடு நிற்கவில்லை அவர். எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுத்தார். புளிக்குப் புளிப்பைத் தரும் டார்டாரிக் அமிலத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். ஆலிவ் எண்ணெயிலிருந்து கிளிசரின் எடுத்தார். நம் வீட்டு ரசத்திலும் ஊறுகாயிலும் இருப்பவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பெயர் சொல்ல வைத்தவர் அந்த மருந்துக்கடைக்காரர். வேதியியலின் வரலாறு என்றால் நஞ்சு காய்ச்சியவர்களின் வரலாறு என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பாலும் பழமும் எண்ணெயும் சாம்பலும்தான் அந்த அறிவியலின் தொடக்கப் பாடங்கள்.

‘சரி, இயற்கையில் இருக்கிற அமிலம் வேறு, ஆலையில் செய்கிற அமிலம் வேறு’ என்று சொல்வார்கள். இந்தச் சுவர் இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே இடிய ஆரம்பித்துவிட்டது. 1747-இல் ஆந்திரியாஸ் மார்க்ராஃப் பீட்ரூட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்தபோது, கரும்புச் சர்க்கரைக்கும் அதற்கும் எந்த வேறுபாடும் இல்லை என்று கண்டார். கரும்பு வளர்ந்த மண் வேறு, கிழங்கு விளைந்த மண் வேறு, பொருள் ஒன்றே. 1828-இல் ஃபிரெடரிக் வோலர் உயிரற்ற உப்புகளிலிருந்து யூரியாவை உண்டாக்கினார். அதுவரை யூரியா என்றால் சிறுநீரில் மட்டும் கிடைப்பது. உயிருள்ள உடலுக்குள் ஏதோ ஓர் உயிர்விசை இருந்து செய்வது என்று நம்பியிருந்தார்கள். சிறுநீரகத்தின் உதவி இல்லாமலே யூரியா செய்ய வருகிறது என்று வோலர் தம் ஆசிரியர் பெர்சீலியஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஒரு சோதனையோடு பழைய நம்பிக்கை செத்துவிடவில்லை, இன்னும் பல பேரின் பல ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. ஆனால் விரிசல் விழுந்தது அங்கேதான். வயலில் தூவும் மூட்டை யூரியாவும் நம் உடல் கழிக்கும் யூரியாவும் ஒரே மூலக்கூறு. மண்ணில் அளவுக்கு மீறிக் கொட்டினால் மண் கெடும். அந்தக் கேடு அளவிலிருந்து வருகிறதே ஒழிய, ஆலையில் பிறந்த பாவத்திலிருந்து அல்ல.

எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடலாம். மரவள்ளிக் கிழங்கு எந்தத் தொழிற்சாலையிலும் செய்ததல்ல. அதற்குள் சயனைடை வெளியிடக்கூடிய பொருள் இயற்கையாகவே இருக்கிறது. கசப்பு வகைக் கிழங்கைச் சரியாகப் பக்குவம் செய்யாமல் தின்றால் ஆளைக் கிடத்திவிடும். ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டும் வழக்கம் அந்த நஞ்சை நீக்கத்தான். அந்த சயனைடு அமிலத்தையும் 1782-இல் பிரித்துக் காட்டியவர் ஷீலேதான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அடுத்து, நம் முன்னோர் ரசாயனம் இல்லாமல் வாழ்ந்தார்கள் என்ற பேச்சு. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் இது ஒரு பெரிய உழைப்பாளர் கூட்டத்தின் அறிவைக் கணக்கிலிருந்தே அழித்துவிடுகிறது. கிராமத்துச் சலவைத் தொழிலாளி வெள்ளாவி வைத்தது எப்படி? வெள்ளை பூத்துக் கிடக்கும் உவர்மண்ணைத் தேடி எடுத்துவந்து நீரில் கரைத்து, அதில் துணியை முக்கி, அடுப்பில் ஏற்றிய பானைகளின் மேல் வட்டமாக அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவிடுவார். உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட். அந்தக் காரமும் நீராவியின் சூடும் சேர்ந்து துணியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றிக் கரைத்துவிடும். காலையில் துறைக்கல்லில் அடித்து அலசினால் அழுக்கு போன இடம் தெரியாது. எந்த மண் உவர், எவ்வளவு கரைத்தால் துணி வெளுக்கும், எவ்வளவு கரைத்தால் நூல் இற்றுப்போகும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். இது வேதியியல் இல்லையென்றால் வேறு எது வேதியியல்?

பிறகு ஏன் அதை நாம் அப்படி அழைக்கவில்லை? பிரபுல்ல சந்திர ராய் நூறாண்டுக்கு முன்பே விடை சொன்னார். எடின்பரோவில் படித்துத் திரும்பிய வேதியியலாளர் அவர், பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர், 1902-லும் 1909-லும் இரண்டு பாகங்களாக இந்திய ரசாயன வரலாற்றை எழுதியவர். கையால் செய்யும் தொழில்கள் தாழ்ந்த சாதியாரின் வேலை என்று ஒதுக்கப்பட்டதால், சிந்திக்கிறவர்களும் செய்கிறவர்களும் பிரிந்துபோனார்கள். அதனால்தான் இங்கே சோதனை அறிவியல் பட்டுப்போனது என்பது அவர் முடிவு. வெள்ளாவி வைத்தவரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, இப்போது வந்து ‘ரசாயனம் வெளிநாட்டுச் சரக்கு’ என்கிறோம். உள்ளூரில் அதைச் செய்தவரின் பெயரை எழுதிவைக்காததால் வந்த மறதி அது.

ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டிப் பக்கம் போனால் இந்த வரலாறு தறிச்சத்தமாகவே கேட்கும். நாடெங்கும் மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி அங்கே நெய்யப்படுகிறது. தறியிலிருந்து இறங்கும்போது அந்தத் துணி பழுப்பாக, மொரமொரப்பாக இருக்கும். அதில் ஒரு துண்டைக் கிழித்து ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதக்கும். நெடுநேரம் மிதக்கும். பருத்தி இழையின் மேல் ஒரு சதவீதத்துக்கும் குறைவான மெழுகுதான் படிந்திருக்கிறது. அந்தச் சிறு மெழுகே தண்ணீரை உள்ளே விடாது. எந்தக் ‘கெமிக்கலும்’ படாத, முழுக்க முழுக்க இயற்கையான அந்தப் பருத்தித் துணியை வெட்டுக்காயத்தில் கட்டினால் அது ரத்தத்தை உறிஞ்சாது. அதே துணியைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, அலசி, காயவைத்த பிறகு ஒரு துண்டைப் போடுங்கள். விழுந்ததும் நனைந்து அடியில் போய் உட்காரும். பத்து விநாடிக்குள் அது மூழ்க வேண்டும் என்பது மருந்துத் தரநூல்கள் வைத்திருக்கும் விதி. காயத்துக்குக் கட்டும் துணிக்கும் வெறும் துணிக்கும் இடையே இருப்பது அந்தக் காரமும் அந்த வெளுப்பும்தான்.

வெளுப்புக்கு வந்த வழி நீளமானது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் துணியைப் புளித்த மோரில் ஊறப்போட்டு, சாம்பல் நீரில் துவைத்து, புல்வெளியில் மாதக்கணக்கில் விரித்து வெயிலில் வெளுப்பார்கள். எடின்பரோவின் ஃபிரான்சிஸ் ஹோம் 1756-இல், புளித்த மோருக்குப் பதிலாக நீர்த்த கந்தக அமிலம் போதும் என்று காட்டி, வாரக்கணக்கான வேலையை வெகுவாகக் குறைத்தார். 1774-இல் பச்சை மஞ்சள் நிறத்தில் மூக்கைத் துளைக்கும் ஒரு வாயுவை ஷீலே உண்டாக்கினார். அதுதான் குளோரின். அது பூவின் நிறத்தையும் இலையின் நிறத்தையும் போக்கிவிடுவதை அவரே கண்டு எழுதினார். 1785-இல் பிரான்சின் பெர்தோலே அதைத் துணி வெளுக்கப் பயன்படுத்தலாம் என்றார். 1799-இல் கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் அந்த வாயுவைச் சுண்ணாம்பில் ஏற்றி மூட்டையில் கட்டும்படி பிளீச்சிங் பவுடராக்கினார். பாலிலிருந்து லாக்டிக் அமிலம் எடுத்த அதே கைதான் குளோரினையும் எடுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால் தொழிலும் ராஜபாளையத்து மருத்துவத் துணித் தொழிலும் ஒரே மனிதருக்குக் கடன்பட்டிருக்கின்றன. இரண்டு ஊரிலும் அவர் பெயரைச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் எத்தனை இருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பிளீச்சிங் பவுடர் துணியோடு நிற்கவில்லை. 1847-இல் வியன்னா மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த தாய்மார்கள் ஜன்னியில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். பிணப் பரிசோதனை முடித்து வரும் மருத்துவர்கள் அதே கையோடு பிரசவம் பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்த இக்னாஸ் செம்மல்வைஸ், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றார். அந்த ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. செத்த தாய்மாரெல்லாம் ‘இயற்கை’ பிரசவத்துக்கு வந்தவர்கள்தான். பிழைத்தவர்களைக் காத்தது குளோரின். நம் ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்கும் ஊழியர் செய்வதும் அதே காவல் வேலைதான். குழாய்க்கு வரும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ‘தண்ணீரில் மருந்து வாடை’ என்று முகம் சுளிக்கிறோம். காலரா வாரிக்கொண்டுபோன தெருக்களில் அந்த வாடை இருந்ததில்லை.

இதே குளோரினை 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் ஜெர்மன் படை உருளை உருளையாகத் திறந்துவிட்டு மனிதர்களைக் கொன்றது. அதற்கு முன்நின்றவர் ஃபிரிட்ஸ் ஹாபர் என்ற மேதை. இதை நான் மறைக்கவில்லை. வேதியியலுக்குக் குற்றப்பத்திரிகை எழுதுகிறவர்கள் கையில் நிறையச் சான்று இருக்கிறது. ஷீலேவே 1775-இல் ஆர்சனிக் கலந்த ஒரு பச்சைச் சாயத்தைக் கண்டுபிடித்தார்; அது பிறகு வீட்டுச் சுவர்த்தாளிலும் உடைகளிலும் ஏறிப் பலரை நோயாளியாக்கியது. ஒவ்வொரு பொருளையும் மோந்தும் நாக்கில் வைத்தும் பார்த்த ஷீலே 43 வயதிலேயே போய்விட்டார். கேடு உண்டு. கேள்வி, அந்தக் கேட்டை எது தடுத்தது என்பதுதான்.

உவர்மண்ணில் பார்த்த அதே சோடியம் கார்பனேட்டைச் சாதாரண உப்பிலிருந்து செய்யும் வழியை நிக்கோலா லெப்லாங் 1791-இல் கண்டார். இங்கிலாந்தில் அந்த ஆலைகள் பெருகியபோது, புகைபோக்கியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி ஊர் மரங்களைக் கருக்கியது. விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். 1836-இலேயே வில்லியம் காசேஜ் ஒரு கோபுரம் கட்டி, அந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பிடிக்க வழி காட்டியிருந்தார். முதலாளிகள் பலர் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1863-இல் சட்டம் வந்தது: வாயுவில் நூற்றுக்கு 95 பங்கு பிடித்தே ஆக வேண்டும். அதைக் கண்காணிக்க நியமிக்கப்பட்ட முதல் ஆய்வாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் ஒரு வேதியியலாளர். அப்படிப் பிடித்த அமிலத்திலிருந்து குளோரின் எடுத்து, பிளீச்சிங் பவுடர் செய்து விற்றார்கள். ஊரைக் கருக்கிய புகை ஊரின் துணியை வெளுத்தது.

நம் பக்கத்து உதாரணம் இதைவிடத் தெளிவானது. ஆரம்பகாலத் தீக்குச்சிகளில் வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது. அதைத் தொட்டு வேலை செய்தவர்களின் தாடை எலும்பு அழுகிப்போனது. 1845-இல் வியன்னாவின் ஷ்ரோட்டர், பாஸ்பரஸைச் சூடாக்கி நஞ்சற்ற சிவப்பு பாஸ்பரஸாக மாற்றினார். அதைப் பெட்டியின் பக்கவாட்டில் பூசி, குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் வைக்கும் பாதுகாப்புத் தீப்பெட்டி சுவீடனில் உருவானது. வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியை இந்தியாவில் தடை செய்யும் சட்டம் 1913-இல் வந்தது. அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கியது 1923-இல். பத்து ஆண்டு வித்தியாசம். அந்தச் சட்டமும் அதற்கு முந்தைய கண்டுபிடிப்பும் இல்லாதிருந்தால், சிவகாசியைச் சுற்றிய ஊர்களில் தாடை அழுகிய பெண்களின் தலைமுறை ஒன்று இருந்திருக்கும். கெட்ட வேதியியலை ஒழித்தது நல்ல வேதியியலும் கறாரான சட்டமும். பட்டாசு ஆலையில் ஆட்கள் கருகிச் சாகும்போது ‘கெமிக்கல் வெடித்தது’ என்று செய்தி முடிந்துவிடுகிறது. அனுமதித்ததைவிட அதிக ஆட்களை ஓர் அறைக்குள் அடைத்தவர், மருந்துக் கலவையை அளவுக்கு மீறிக் குவித்தவர் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். சலவைப் பட்டறையின் காரநீரைச் சுத்திகரிக்காமல் ஓடையில் விடுகிறவருக்கும் அதே சொல்தான் நிழல் தருகிறது. அந்த நீரின் காரத்தை அமிலம் சேர்த்துச் சமப்படுத்தலாம், மிஞ்சிய குளோரினை முறிக்கலாம். வழி இருந்தும் செய்யாதவர்மீதுதான் வழக்குப் போட வேண்டும்.

கடைசியாக, எதிர்த்தரப்பின் வலுவான வாதம். ‘எல்லாப் பொருளும் வேதிப்பொருள்தான் என்பது எங்களுக்கும் தெரியும். நாங்கள் கெமிக்கல் என்பது திருட்டுத்தனமாகச் சேர்க்கிற கேடுகளை’ என்கிறார்கள். நியாயமான பயம் இது. பாலில் யூரியாவும் சோப்புத் தூளும் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். கோவாவில் மாவு கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் எதைச் சேர்த்தார்கள், எவ்வளவு சேர்த்தார்கள் என்று கேட்க வேண்டும். ‘கெமிக்கல் இல்லை’ என்ற வாசகம் அந்த இரண்டு கேள்வியையும் கேட்கவிடாமல் செய்கிறது. மாவு கலந்தவர் கெமிக்கல் கலக்கவில்லை, மாவுதானே கலந்தார். கூசாமல் அந்த வாசகத்தை ஒட்டலாம்.

அவரைப் பிடிப்பது ஒரு துளி அயோடின். சந்தேகப்படும் கோவாவில் ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடினில் ஒரு சொட்டு விடுங்கள். சுத்தமான கோவா என்றால் டிங்சரின் மங்கிய பழுப்பு மட்டும் தெரியும். மாவு இருந்தால் கண்ணெதிரே கருநீலம் பரவும். அந்த அயோடின், 1811-இல் பாரிஸின் பெர்னார் கூர்துவா வெடியுப்புத் தயாரிப்புக்காகக் கடற்பாசிச் சாம்பலைக் கையாளும்போது எதிர்பாராமல் ஊதா ஆவியாக எழுந்து வந்த பொருள். சில ஆண்டுகளுக்குள்ளேயே மாவோடு அது நீலமாவதைக் கண்டுவிட்டார்கள்.

கலப்படத்துக்கு எதிரான முதல் பெரும் குரலும் ஒரு வேதியியலாளருடையதே. லண்டனில் வாழ்ந்த ஜெர்மானியர் ஃபிரெடரிக் ஆக்கும் 1820-இல் உணவுக் கலப்படம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எந்தப் பண்டத்தில் எதைக் கலக்கிறார்கள், வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது என்று விளக்கியதோடு, தண்டிக்கப்பட்ட வணிகர்களின் பெயர்களையும் அச்சிட்டார். பகை சூழ்ந்தது. நூலகப் புத்தகத்தில் தாள் கிழித்தார் என்ற வழக்கில் மாட்டி, அவமானப்பட்டு நாட்டைவிட்டே போனார். அவர் கேட்ட சட்டம் இங்கிலாந்தில் வர 1860 ஆனது. இந்தியா முழுமைக்குமான சட்டம் 1954-இல்தான் வந்தது. இன்றுள்ள 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தித் தம் பண்டத்தை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். விருதுநகர் மாவட்டத்திலும் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் இருக்கிறார்கள். டப்பாவின் மேல் ஒட்டிய வாசகத்தைப் படித்து நிம்மதி அடைகிறவர்கள் அவர்களுடைய அலுவலகத்தின் படி ஏறுவதில்லை.